தாய்மாமன் ஒரு ராக் ஸ்டார்

எங்கள் குடும்பத்தில் ஒரு ராக் ஸ்டார் இருந்தார். அம்மாவின் அண்ணன். ஐம்பதைத் தாண்டிய பிறகும் மலேசியாவின் ஈப்போ வெயிலில் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் திரிவார். தலைச்சாயம் வேர்வையோடு கலந்து காதோரம் இறங்கும். அதைக்கூட நட்சத்திரங்களுக்கே உரிய அடையாளம் என்று நான் நம்பியிருந்தேன். பள்ளியில் மாமாவைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத நாளே கிடையாது.

அப்பாவிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் இருவரும் ஒரே பேண்ட் இசைக்குழு. மாமா பாட்டு, அப்பா கிட்டார். அந்தப் பழக்கத்தில்தான் அம்மாவின் கல்யாணமே நடந்தது. தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறி, ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போன பின், மாமா பேண்டின் பெயரை விட்டுவிட்டுத் தன் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டு பேனர் அடித்தார். இனிமேல் பேண்ட் எதற்கு, இசையைப் போட்டுவிட்டுப் பாட ஒரு சிடி போதும் என்று யாரிடமோ சொல்லியும் விட்டார். அது அப்பாவின் காதுக்கு வந்தது. அன்றோடு பேச்சு நின்றது, கிட்டார் அலமாரி மேல் ஏறியது.

"பேண்ட் இல்லாம அவன் என்னா ஸ்டாரு? சம்பல் இல்லாத நாசி லெமாக் சோறு லா" என்பார் அப்பா. அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவார்.

அப்போதுதான் அக்காவின் சடங்கு வந்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு உண்டா? அப்பாவின் ரோஷம் பெரியதுதான், ஆனால் முறை அதைவிடப் பெரியது. அம்மா நேரில் போய் அழைத்தார். வருகிறேன், ஒரு பாட்டும் பாடுகிறேன் என்றார் மாமா. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சபையில் ஒருவர் வாய் தவறினாலும் பிறந்த வீட்டு உறவு அடியோடு அறுந்துவிடும் என்ற பயம்.

சமூக மண்டபத்தில் மத்தியான விருந்து. மாமா சீர்த்தட்டுகளோடு வந்து அக்காவுக்கு மாலை போட்டார். அப்பா கோழிக்கறி அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கோழியை அவர் யாரிடமும் விடமாட்டார். விட்டால் முன்னால் வந்தவர்களே தீர்த்துவிடுவார்களாம். அன்றைக்கு அது நல்ல மறைவிடமாகவும் இருந்தது.

மாமா மேடை ஏறினார். தோட்டத்து லாரியைப் பற்றி அவரும் அப்பாவும் சேர்ந்து கட்டிய பழைய பாட்டு. தோட்டத்துச் சனம் எழுந்து ஆடியது. நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன். பாதிப் பாட்டில் சிடியில் மற்ற இசையெல்லாம் நின்று டிரம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மாமா மைக்கை இறக்கினார். மேடை நடுவிலிருந்து விலகி ஓரமாகப் போய், காலியான இடத்தைக் காட்டிக் கையை நீட்டினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "மறந்துட்டாரு லா" என்று பக்கத்தில் ஒரு பையன் சிரித்தான். ஆனால் தோட்டத்துப் பெரியவர்கள் அந்தக் காலி இடத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு அப்பாவைத் தேடினேன். அவர் நீளக் கரண்டியை மார்போடு சாய்த்துப் பிடித்திருந்தார். இடது கை விரல்கள் காம்பில் மேலும் கீழும் ஓடின. தட்டோடு வரிசையில் நின்ற ஒரு பெண், "அண்ணே, கோழி போடுங்க லா" என்றார். அப்பாவுக்குக் காதில் விழவில்லை.

பாட்டை முடித்த மாமா நேராகக் கோழி வரிசைக்கு வந்தார்.

"ஸ்பீடா போயிட்ட" என்றார் அப்பா, முகத்தைப் பார்க்காமல். "அப்பவும் இதே கததான். என்னைய வுட்டுட்டு ஓடுவ."

"நீ வரல. நான் எவ்ளோ நேரந்தான் நிக்கிறது, மச்சான்?"

"சிடில அந்த எடத்த யாரு காலியா வுடச் சொன்னா?"

"வேற யாரு வாசிப்பா?"

அப்பா அண்டாவைக் கிளறி, பெரிய தொடைத் துண்டாகத் தேடி மாமாவின் தட்டில் போட்டார். "மொதல்ல ஜாக்கெட்ட கழட்டு லா. சாயம் ஊத்துது."

நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, ரெண்டு பேரும் சண்ட போடுறாங்க!"

அம்மா எட்டிப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். "போடட்டும், வுடு" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அதே வரிசையில் போய் நின்றார்.

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அண்ணனும் புருஷனும் அடித்துக்கொள்ளும் நேரத்தில் சாப்பாடா முக்கியம்?