சிவப்புப் புள்ளிக்குக் காவல்

எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நான் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒன்று நின்றுவிட்டால் மட்டும் என் போன் நம்பர் ஊருக்கே ஞாபகம் வரும். அதுதான் நெட்வேர்க் கண்காணிப்பு. திரையை முறைத்துப் பார்த்தே கண் கெட்ட என் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பதுளை டவுனில், தேயிலைக் கம்பெனி ஒன்றின் மாடியறையில் இருந்துகொண்டு, தோட்ட ஆபீஸ்களையும் ஃபெக்டரிகளையும் இணைக்கிற ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டருக்குப் பத்து செக்கனுக்கு ஒரு தடவை 'ஹலோ' சொல்லும். பக்கத்து ரவுட்டருக்கு எங்கள் பாஷையில் 'நெய்பர்' என்று பெயர். நாற்பது செக்கன் சத்தமே இல்லையென்றால் என் திரையில் பச்சைப் புள்ளி சிவப்பாகும். பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது.

தூள்

பண்டாரவளைப் பக்கம் ஒரு ஃபெக்டரி. அங்கிருந்த ரவுட்டர் தினமும் பகல் பதினொரு மணிக்கு மயங்கி விழுந்தது. எங்கள் டெக்னீஷியன் நளீமும் நானும் பஸ் பிடித்துப் போனோம். தூள் சலிக்கிற அறைச் சுவரில் பெட்டியை மாட்டியிருந்தார்கள். திறந்தால், உள்ளேயிருந்த விசிறி சுற்ற இடமில்லாமல் தேயிலைத் தூளில் புதைந்து கிடந்தது. சூடு தாங்காமல்தான் விழுந்திருக்கிறது. நளீம் பிரஷால் தட்டித் தட்டிப் பேப்பரில் கொட்டினார். ஒரு குடும்பம் ஒரு மாதம் குடிக்கலாம்.

ஃபெக்டரிப் பொறுப்பில் இருந்த டீமேக்கர் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ரவுட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சிட்டிகை தூள் எடுத்தார், உள்ளங்கையில் தேய்த்தார், மோந்தார், கண்ணை மூடித் திறந்தார். "மிஸ், ஏலத்துக்கு அனுப்புனதவிட இது நல்லாருக்குங்க."

பெண் பார்க்க வந்தவர்கள்

மொனராகலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து, சுவரோடு சுவராக வரிசையாய் வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்திலிருந்து, என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார், என்ன வேலை என்று. சுருக்கமாகச் சொன்னேன்: பக்கத்துல இருக்கிறது உயிரோட இருக்கா, பேச்சுவார்த்தை இருக்கா, எத்தனை மணிக்குப் பேச்சு நின்னுச்சுன்னு நாள் முழுக்கப் பார்த்து எழுதி வைக்கணும்.

அந்த அம்மா டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "இதுக்கா படிச்சீங்க? நாங்க லயத்துல சும்மாவே பாக்குறோமே!"

எண்ணிக்கை

ரவுட்டரில் வயர் செருகுகிற ஒவ்வொரு வாயிலும் ஒரு கணக்கு ஓடும்: எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு பழுதாகி வந்தது. ஒரு தோட்டத்தில் இந்தப் பழுதுக் கணக்கு ஆயிரக்கணக்கில் ஏறியது. எலி கடித்த வயர். புது வயர் கேட்டு எழுதினேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அறிக்கையில் இவ்வளவு பெரிய இலக்கத்தைப் பார்த்தால் மேலிடம் பயந்துவிடும் என்றார். காலையில் வந்ததும் கணக்கை அழித்துப் பூச்சியமாக்கிவிட்டு, உடனே அறிக்கையை எடுக்கச் சொன்னார்.

"அழிச்சாலும் வயர்ல பழுது அப்படியேதானே சேர் இருக்கும்?" என்றேன்.

"பழுது இருக்கட்டும் தங்கச்சி, எண்ணிக்கைதான் இருக்கக்கூடாது."

சாய்ந்த கம்பம்

ஐப்பசி மழைக் காலம். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் இணைப்பு, லயத்துக்குப் பின்னால் மேட்டில் நட்ட கம்பத்து அன்டெனா வழியாகத்தான் போகும். அந்தப் புள்ளி ஒரு கிழமையாக, ஏழு நாளும், சிவப்பாவதும் பச்சையாவதுமாக இருந்தது. காற்றுதான் என்று நினைத்தேன். நளீம் போய் அன்டெனாவை நேராகத் திருப்பிவிட்டு வந்தார். இரண்டு நாளில் மறுபடியும் சிவப்பு. திரும்பவும் போய் வந்தார். மூன்றாவது தடவை நானும் போனேன். அன்டெனா வைத்த இடத்திலேயேதான் இருந்தது, கம்பம்தான் சாய்ந்திருந்தது.

லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டிலிருந்து செல்லம்மா அக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர். "கம்பம் மட்டுமில்லீங்க மிஸ், உள்ள வந்து பாருங்க" என்றார். பின்சுவர் வெடித்திருந்தது. என் கை முழுதாக உள்ளே போனது. கதவு நிலையோடு பொருந்தவில்லை. "ஆபீஸ்ல மூணு தடவ சொல்லிட்டோம். எழுதிக்கிட்டாங்க." அந்த வரிசையில் பன்னிரண்டு குடும்பம். மேடே நகர்கிறது, நாங்கள் அன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

படங்களோடு அறிக்கை அனுப்பினேன். கம்பெனி இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான்கே நாளில் கம்பத்தைப் பிடுங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கெட்டி மண்ணில் நட்டார்கள். குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மேலாளரிடம் கேட்டேன். "ஆளுங்க நம்ம நெட்வேர்க்ல வரமாட்டாங்களே தங்கச்சி" என்றார்.

புதுக் கம்பத்துக்கு வேறு புள்ளி வந்துவிட்டது, பழைய கம்பத்தின் புள்ளியைத் திரையிலிருந்து எடுத்துவிட வேண்டியது என் வேலை. நான் எடுக்கவில்லை. கம்பமே இல்லாததால் அது சிவப்பாகவே நின்றது. குறிப்புப் பகுதியில் இப்படி எழுதினேன்: 'இங்கே மண் நகர்கிறது. பன்னிரண்டு குடும்பங்கள் உள்ளன.'

மாதக் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். திரை நிறையப் பச்சை, நடுவில் ஒரு சிவப்பு. "அது என்ன?" என்று ஒருவர் கேட்டார். மேலாளர் தண்ணீர் குடித்தார். நான் எழுந்து குறிப்பை வாசித்தேன். சுவர் வெடிப்புக்கு அசையாதவர்கள் புள்ளிக்கு அசைந்தார்கள். அன்று மாலையே லொறி போனது. பன்னிரண்டு குடும்பத்தையும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏற்றிப் போனார்கள். அடுத்த கிழமை மேடு சரிந்து கடைசி மூன்று காம்பராவை மூடியது. உள்ளே ஒருவரும் இல்லை.

செய்தி கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். பிறகு, இனி அந்தப் புள்ளியை எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது போன் அடித்தது. செல்லம்மா அக்கா. புள்ளிக் கதையை நளீம் அவரிடம் சொல்லியிருக்கிறார். "மிஸ், அந்தச் செவப்பு லைட்ட மட்டும் அணைச்சுராதீங்க, இன்னும் எங்களுக்கு வீடு கட்டித் தரல."

நான் சரிசெய்த பழுதுகள் எல்லாம் சேர்ந்து செய்யாத வேலையை, சரிசெய்யாமல் விட்ட அந்த ஒன்று இன்னமும் செய்துகொண்டிருக்கிறது.