கூக்கால் ஓடைக்கு எந்த வருடங்கள்

மழை நன்றாகப் பெய்த வருடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்த ஓடையும் வற்றாது. சத்தியபிரியாவுக்கு இது உறைத்தது திண்டுக்கல் அலுவலகத்தில், வேலை முடிந்ததென்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்த வேளையில். கணினித் திரையில் கூக்கால் ஓடை கோடையிலும் நிறையத் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கொடைக்கானல்காரி. அப்பா சுரேந்திரன் சிறுவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, மலையில் மரம் வெட்டிப் பிழைத்தவர். அம்மா சுதாராணி பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போனவள். மகள் பொறியியல் படித்து, நீர்வளக் கணக்கு போடும் அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள்.

கூக்கால் ஏரியிலிருந்து இறங்கும் ஓடையின் தண்ணீரைப் பக்கத்து விடுதிகளுக்குக் குழாயில் கொண்டுபோகலாமா என்பதுதான் கேள்வி. கடந்தகால மழையைக் கணினிக்குக் கொடுத்தால், ஓடையில் எப்போது எவ்வளவு மிஞ்சும் என்று அது சொல்லும். எந்த வருடங்களைக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. மேலதிகாரி தனசேகர் 2017க்குப் பிந்திய வருடங்களைச் சொல்லியிருந்தார்.

அந்த வருடங்களின் சராசரி மழையை நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். வெகுவாகக் கூடியிருந்தது. 2016இல் மழை பொய்த்து, காட்டில் வேலையில்லாமல் அம்மா வீட்டில் முடங்கிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அந்த வறட்சி கணக்கில் இல்லவே இல்லை.

"சார், 2012லேர்ந்து எடுக்கணும். வறண்ட வருஷமும் வேணும், வெள்ளம் வந்த வருஷமும் வேணும்."

"பழைய டேட்டால பாதி ஓட்டையாக் கெடக்கும்மா. இருக்கறத வச்சு வெரசா முடிக்கலாம்ல?"

"பக்கத்து மழைமானியை வச்சு ஓட்டையை அடைச்சிரலாம் சார்."

தனசேகர் நெற்றியைத் தேய்த்தார். "அப்போ எழுபதுலேர்ந்தே எடுக்க வேண்டியதுதானே?"

"அப்ப இருந்த மலை வேற சார். காடும் வேற, பயிரும் வேற."

அவர் ஒரு வாரம் தந்தார். 2012 முதல் 2023 வரை என்று முடிவு செய்தாள். மழை நீண்டகாலச் சராசரியோடு ஒத்துவந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் ஏரி மட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால், ஏரி மட்டம் குறைந்து வந்த தண்ணீரை மழை தந்ததாக எண்ணிவிடும் பயமும் இல்லை.

ஆனால் கணினியின் கணக்கு மறுபடி பிசகியது. 2017 கோடையில் ஓடை சன்னமாக ஓடியதாக அது சொன்னது. ஓடையில் நேரில் அளந்த பதிவிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. தான் பிடிவாதம் பிடித்துக் கேட்டு வாங்கிய வருடங்களே தன்னைக் கவிழ்த்துவிடுமோ என்று பயந்தாள். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று ஊரில் கேட்க, மறுநாள் வெள்ளனே கூக்காலுக்குப் பஸ் ஏறினாள்.

பூண்டு விவசாயி மலைச்சாமியும் அவர் மனைவி முருகம்மாளும் களத்தில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "2017ல ஓடை வத்துன கோடையில பயிரை எப்படிங்க காப்பாத்துனீங்க?" என்று கேட்டாள்.

மலைச்சாமி மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிருங்க. அந்தப் புள்ளையும் மலைக்காரப் புள்ளதானே" என்றாள் முருகம்மாள்.

"ஏரியில மோட்டார் வச்சு இழுத்தோம் தாயி, ஊரே இழுத்துச்சு. எழுதிக்கிட்டுப் போனீகன்னா மோட்டாரப் பிடுங்கிருவாகளே?"

"எழுதலைன்னாத்தான் ஆபத்துங்க. நீங்க எடுத்த தண்ணியெல்லாம் ஓடையில மிச்சமா ஓடுதுன்னு கணக்கு சொல்லும். அதைத்தான் குழாயில கொண்டு போவாங்க."

மலைச்சாமி எழுந்து, யார் யார் எங்கெங்கே மோட்டார் வைத்தார்கள் என்று கரையோரமாக நடந்தே காட்டினார்.

அந்த இறைப்பையும் சேர்த்ததும் கணினியின் ஓடை அதே கோடையில் வற்றியது. ஒரு ஓடை வற்றியதற்கு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"சரியா வந்துருச்சும்மா."

"அப்ப இனியாச்சும் சோறு தின்னு. ராவெல்லாம் போன்ல கணக்கையே கதைச்சுக்கிட்டு கெடந்த."

கூக்காலில் குழாய்த் திட்டம் பற்றிக் கூட்டம் நடந்தபோது தனசேகர் என்ன சொல்வாரோ என்ற உதறல் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அவர் எழுந்து, வறண்ட வருடங்களைச் சேர்த்த கணக்கைத்தான் அலுவலகம் ஏற்கிறது என்றார். கோடையில் ஓடையிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. மழைக்காலத்தில், ஏரி நிரம்பி வழியும்போது மட்டும் கொஞ்சம் எடுக்கலாம். விடுதிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஊர்க்காரர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மோட்டார்களைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மலைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. பூண்டு மூட்டை ஏற்றிய ஜீப்பில் முன்சீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். பூம்பாறை வளைவுகளில் வழக்கமாக அவளுக்குக் குமட்டும். அன்று ஜீப் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். கொடைக்கானல் வந்ததும் டிரைவர்தான் தட்டி எழுப்பினார்.