முள் இல்லாத தூண்டில்

ஆற்றுக்கல்லைப் புரட்டியதும் மூக்கில் ஏறுமே ஒரு பாசி வாடை, அதுதான் எனக்குப் புரட்டாசி. ஊருக்கெல்லாம் துளசியும் கற்பூரமும் மணக்கிற மாதத்தில் எனக்கு மட்டும் பாசி மணப்பதற்குக் காரணம் என் அப்பா.

பென்னாகரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அவருக்கு, ஞாயிற்றுக்கிழமையானால் காவிரியில் தூண்டில் போட்டாக வேண்டும். புரட்டாசியிலோ எங்கள் வீட்டில் "கவிச்சி" கூடாது. மீன்சட்டியைக்கூட அம்மா பரணில் ஏற்றிவிடுவார். ஆனால் புதுத்தண்ணீர் வந்து மீன் நன்றாகக் கடிக்கிற மாதமும் அதுதானே! "ஒரு மாசம் கையக் கட்டிக்கிட்டு இருந்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்று அம்மா தூண்டில் முட்களை டப்பாவோடு பெருமாள் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அப்பாவா அடங்குகிற ஆள்? தூண்டில் நரம்பின் நுனியில் முள்ளுக்குப் பதிலாக இரையை நூலால் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "புடிக்கறதுக்கில்ல, சும்மா கடி பாக்கறதுக்கு" என்றார். மீனுக்குத் தீனி போட்டால் புண்ணியம்தானே என்று அம்மாவும் விட்டுவிட்டார்.

மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு நானும் போவேன். பாறைகளுக்கிடையே ஓட்டமாக ஓடும் தண்ணீரில் தக்கை உதவாது, நுரையில் காணாமல் போய்விடும். அதனால் நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு, எதிர்க்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும், இறக்கை முளைக்காத "கல்லுப்பூச்சி"தான் இரை. அதற்கு அவர் போடுகிற கட்டு, காயிலுக்குப் போடுகிற அதே இறுக்கமான கட்டு. நரம்பு என் விரலுக்கு வந்த மறுநிமிடமே "கடிக்குதுப்பா!" என்று கத்துவேன். "அது தண்ணி, கண்ணு" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல். தண்ணீர் சீராக இழுக்குமாம், நண்டு சுரண்டுமாம், கெளுத்தி வெடுக்கென்று பிடுங்குமாம், கெண்டை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்க்குமாம். என் மரமண்டைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. பிடிக்காத மீனுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிரிப்பாகவும் இருந்தது.

இன்று மொபெட்டும் இல்லை, கடையும் இல்லை. சர்க்கரை வியாதியில் அப்பாவின் விரல்கள் மரத்துப்போய்விட்டன. செப்புக்கம்பி கிழித்து ரத்தம் வந்ததே தெரியாமல் அவர் வேலை செய்துகொண்டிருந்த நாளோடு அம்மா கடையைப் பூட்டவைத்துவிட்டார். ஓசூரிலிருந்து போன புரட்டாசியில் வந்த நான், ஆசையாய்க் கேட்டாரே என்று அவரை ஆற்றுக்கு அழைத்துப் போனேன். பூச்சியை நான் கட்டுகிறேன் என்றால் விட்டால்தானே! கண்ணருகே வைத்து, வெகுநேரம் தடுமாறி அவரே கட்டினார். நரம்பை விரலில் போட்டுக்கொண்டு, பழையபடி எதிர்க்கரையைப் பார்க்கத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் நரம்பு துடித்தது. நின்றது, மறுபடி துடித்தது. எனக்கே தெரிந்தது, கெண்டை.

"அப்பா, கடிக்குதுப்பா!"

"அது தண்ணி, கண்ணு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நரம்பு ஆடி அடங்குகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியதும் அவரே இழுத்தெடுத்துப் பார்த்தார். நூலும் கட்டும் அப்படியே இருந்தன, பூச்சி மட்டும் இல்லை. விரலால் அந்தக் கட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"கட்டு அவுந்துருச்சாட்டம் இருக்குது, கண்ணு" என்றார்.

"ஆமாங்கப்பா" என்றேன்.