இடம் மாறிக்கொண்டே இருந்த ஆர்மோனியம்

முதல் சுரம் கேட்பதற்கு முன்னால் ஒரு மூச்சுக் கேட்கும். சிஸ்டர் ஜெசிந்தா ஆர்மோனியத்தின் துருத்தியை இடக்கையால் விரித்து மூடும்போது, பழைய தோலும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனையோடு அந்தக் காற்று வெளியே வரும். துருத்தி எங்கள் பக்கம் இருந்ததால், முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் முகத்தில் அது லேசாகப் படும். அன்னூருக்கு வெளியே, சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவில் நின்ற அந்தச் சின்னக் கோயிலை நினைத்தால், எனக்குப் பீடத்துக்கும் சுரூபங்களுக்கும் முன்னால் அந்த மூச்சுதான் நினைவுக்கு வருகிறது.

சிங்காநல்லூரில் என் அப்பாவும் அம்மாவும் ஒரே மில்லில் வெவ்வேறு ஷிப்டில் வேலை பார்த்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், ஆறாம் வகுப்பில் என்னைக் கொண்டுபோய் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியின் "போர்டிங்"கில் விட்டார்கள். கோயிலில் போர்டிங் பெண்கள்தான் பாடற்குழு. பாட்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் ஜெசிந்தா. அவரும் ஒரு மில் தொழிலாளியின் மகள்தான் என்பதால் எனக்கு அவர் மேல் தனி உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பாடக் கற்றுக்கொண்டது அவருடைய புருவத்தைப் பார்த்துத்தான். பீடத்துக்கு இடப்பக்கம், எங்களைப் பார்த்தபடி அவர் உட்காருவார். கை இரண்டும் ஆர்மோனியப் பெட்டியில் இருக்க, மற்றதையெல்லாம் முகம் சொல்லும். புருவம் ஏறினால் குரல் ஏற வேண்டும், கண் மூடினால் மெதுவாகப் பாட வேண்டும், உதடு சுழித்தால் யாரோ சுருதி தப்புகிறாள் என்று பொருள். "புருவப் பாட்டு" என்று எங்களுக்குள் பேர் வைத்திருந்தோம். அது நன்றாகவே இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அன்னூர்க் கடைவீதியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பூசை முடிந்ததும், வெளியே குகைபோல் கட்டியிருந்த மாதா கெபிக்குப் போவதற்கு முன் கூட்டம் ஆர்மோனியத்தைச் சுற்றி நிற்கும். "சிஸ்டர் பாடுனா கண்ணுல தண்ணி வந்துருதுங்க" என்பார்கள். அவர் முகம் சிவந்து, "எல்லா மகிமையும் ஆண்டவருக்குங்க" என்பார்.

என் பக்கத்துப் பாய்க்காரி பிலோமினா இதை நடித்துக் காட்டுவாள். ஒரு டிரங்குப் பெட்டியின் மூடியை மிக மெதுவாக, ஆட்கள் வந்து சேர அவகாசம் கொடுத்து மூடுவாள். யாரோ புகழ்ந்ததுபோலத் தலையைச் சாய்ப்பாள். "மகிமையும் ஆண்டவருக்குங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆள் புகழ்வதற்காகக் காத்திருப்பாள். நாங்கள் போர்வையைக் கடித்துக்கொண்டு சிரிப்போம்.

ஈஸ்டருக்கு முன் வரும் நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு அது நடந்தது. எழுந்தேற்றம், சாமியார் நற்கருணையை உயர்த்திப் பிடித்திருக்கிறார், சின்ன மணி அடிக்கிறது, கோயில் முழுக்கப் பீடத்தைப் பார்க்கிறது. எங்கள் வரிசைகள் மட்டும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த நொடி பதிலுரைப் பாட்டு தொடங்க வேண்டும், அதற்குப் புருவம் வேண்டும். எங்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்த மதர், அதாவது மடத்தின் தலைமைச் சகோதரி, அத்தனை கழுத்துகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

மதர் பெருந்துறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடும். அன்று சாப்பாட்டு அறை வராந்தாவில், நாங்கள் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போதே, "ஏனுங்க சிஸ்டர், ஆண்டவரு நேரா இருக்கறாருங்க. புள்ளைங்க கழுத்து எதுக்குங்க கோணிக்கிட்டுப் போகுது? தீவனக்கட்டு போற பக்கம் ஆட்டுக்குட்டி திரும்புற மாதிரியல்லங்க இருக்குது" என்றார். மதர் தொடர்ந்தார்: "ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாங்க. அதுக்குள்ள சரியாகலீன்னா பெட்டியைப் பெருந்துறை மடத்துக்குக் குடுத்துப்போடலாங்க. அங்க அது இல்லைன்னு கேட்டுக்கிட்டிருக்கறாங்க."

நாங்கள் பிறகு பேசிக்கொண்டதெல்லாம் பெட்டியைப் பற்றித்தான். பெட்டி போனால் சிஸ்டருக்கு என்ன மிச்சம் என்று பிலோ கேட்டாள். சிஸ்டரும் அதே கேள்வியோடுதான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அன்றைய மாலைப் படிப்பு நேரத்தில் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். விரல்கள் ஜெபமாலையில் இருந்தன, ஆனால் மணி நகரவில்லை, விரல்கள்தான் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலுக்குள் நுழைந்தபோது ஆர்மோனியம் திரும்பியிருந்தது. சிஸ்டர் பீடத்தைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். மூச்சும் வாசனையும் இப்போது பீடத்துக்குப் போயின. நாங்கள் திண்டாடிப்போனோம். ஒருத்தி முன்னால் ஓட, ஒருத்தி பின்னால் இழுக்க, முதல் பாட்டு சிதறிவிட்டது. ஆனால் தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்குள் பிலோ ஒன்றைக் கண்டுபிடித்தாள்: உச்சஸ்தாயிக்கு முன்னால் சிஸ்டரின் இடத்தோள் ஏறுகிறது, நிறுத்துவதற்கு முன்னால் முக்காட்டின் நுனி ஆடுகிறது. அதன்பின் நாங்கள் முதுகைப் படிக்கத் தொடங்கினோம்.

அதைவிட மோசம், வெளியே நடந்தது. "அவ்வளவு நல்லா வாசிக்கறவங்க, முகத்தைக் கூடக் காட்டாம உக்காந்திருக்கறாங்க பாருங்க, எத்தனை தாழ்ச்சி" என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அந்தத் தாழ்ச்சியைப் பார்க்க இன்னும் கூட்டம் வந்தது. மதர் அதையும் கவனித்தார். "முன்ன முகத்தைப் பாத்தாங்க, இப்ப முதுகைப் பாக்கறாங்க. வேற ஒண்ணும் மாறலீங்க சிஸ்டர்" என்றார்.

பிறகு பெட்டி தூணுக்குப் பின்னால் போனது. அது மூன்றாம் ஞாயிறு என்பது என் நினைவு. நான்காம் ஞாயிறு என்று பிலோ இன்றைக்கும் தொலைபேசியில் சண்டை போடுகிறாள். எதையும் வரிசை தப்பாமல் எழுத வேண்டும் என்ற குணம் எனக்கு உண்டென்பதால் இரண்டையும் சொல்லிவைக்கிறேன். தூணுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நாங்கள் எட்டிப்பார்த்ததில் வரிசையே நெளிந்தது. அதற்கடுத்து, வாசற்கதவை ஒட்டி, எல்லோருக்கும் பின்னால் சிஸ்டர் பெட்டியை வைத்தார். அன்று நாங்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வாசகம் வாசித்த உபதேசியார் முகங்களுக்குப் பதில் பின்னந்தலைகளைக் கண்டு வரியைத் தவறவிட்டார். "இனி கூரை மேலதான் பாக்கி" என்று பிலோ என் காதில் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. சிஸ்டர் இளைத்திருந்தார். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் பெட்டியைத் தானே தூக்கினார். யாரையும் கைவைக்க விடவில்லை.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் எங்கள் கோயில்களில் மணியும் இசைக்கருவியும் அடங்கிவிடும். ஈஸ்டர் வரை மரக்கட்டையைத் தட்டி ஒலி எழுப்புவார்கள். ஆர்மோனியத்தைப் பூட்டி, அதன்மேல் ஊதாத் துணி போட்டார்கள். மறுநாள் பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்று மணி வழிபாடு. தனி இடம் இல்லாததால் சிஸ்டர் ஜெசிந்தா எங்கள் நடுவில், எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெயிலும் கூட்டமும் சேர்ந்து கோயில் கொதித்தது. அவர் விரல்கள் முழங்காலின் மேல் இல்லாத கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தன.

சிலுவை முத்தி செய்ய, அதாவது குனிந்து அதை முத்தமிட, மக்கள் வரிசையாக எழுந்தபோது, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டை அவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். எடுத்தார். சுருதி சொல்லப் பெட்டி இல்லாததால் மிக உயரத்தில் எடுத்துவிட்டார். முதல் அடியை எப்படியோ எட்டினோம்; மேலே போகும் இரண்டாவது அடியில் எங்கள் குரல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன, கடைசியில் அவருடையதும். பாட்டு நின்றது. அந்தக் கோயிலில் பாட்டு நடுவில் நின்று நான் கேட்டதே இல்லை.

பிறகு வரிசையில் நின்றிருந்த காட்டுவேலைக்காரர் ஒருவர், கரகரத்த குரலில், தாழ்வாக அதே அடியை எடுத்தார். அவருக்குத் தெரிந்தது அவர் ஊர் மெட்டு. பின்னாலிருந்த பெண்கள் வேறொரு இழுப்பில் சேர்ந்துகொண்டார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாத அந்தப் பாட்டு கோயில் முழுக்கப் பரவியது. சிஸ்டரின் கை தாளத்தைச் சரிசெய்ய மேலே எழுந்தது, நான் பார்த்தேன். பாதியில் அது இறங்கியது. அவர் எழுந்து, வரிசையில் போய் நின்றுகொண்டார்.

எங்களுக்கு அடுத்த அடிக்கு அவர் வேண்டும். தேடினோம். வரிசையில் சிஸ்டர்கள் எல்லோரும் நின்றார்கள். பின்னாலிருந்து பார்க்க அத்தனையும் ஒரே வெள்ளைச் சேலை, ஒரே வெள்ளை முக்காடு. எது அவர் என்று தெரியவில்லை. தோள் எதுவும் ஏறவில்லை. வேறு வழியில்லாமல், கோயிலில் மற்ற எல்லோரும் பார்த்த பக்கம் நாங்களும் பார்த்தோம். அங்கே, தரையில் விரித்த துணியின் மேல், சிலுவை மட்டும் கிடந்தது. ஒரு கிழவி குனிய முடியாமல் குனிந்து அதன் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒட்டாத பாட்டில் நானும் சேர்ந்து பாடினேன்.

ஈஸ்டர் முடிந்த திங்களன்று பெட்டியைத் துணியில் சுற்றி, பெருந்துறைக்குப் போகத் தயாராக சிஸ்டரே வராந்தாவில் வைத்துவிட்டார். மதர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "பழைய எடத்துலயே இருக்கட்டுங்க சிஸ்டர். அதும்பேர்ல என்னங்க தப்பு இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆர்மோனியம் மறுபடி இடப்பக்கம், எங்களைப் பார்த்து வந்தது. மூச்சும் வாசனையும் திரும்ப வந்தன. எழுந்தேற்றத்தின்போது சிஸ்டர் தலையை நன்றாகக் குனிந்துகொண்டார். பார்க்கப் புருவம் இல்லாமல் நாங்களும் பீடத்தைப் பார்த்தோம். பதிலுரை கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும். யாரும் குறை சொல்லவில்லை.

கடந்த மாதம் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். சோளக்காடு மனையிடங்களாகிவிட்டது. பீடத்துக்கு இருபுறமும் திரை வைத்து, பாட்டின் வரிகளை ஓடவிடுகிறார்கள். தாளத்தைத் தானே போட்டுக்கொள்ளும் கீபோர்டு இருக்கிறது. பூசை நேரலையில் போவதால் தூணில் ஒரு கேமரா, பாடுகிற பெண்கள் அடிக்கடி அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். மதர் காலமாகிவிட்டார். ஆர்மோனியம் பூசை உடுப்புகள் வைக்கும் அறையில், அலமாரியின் மேல், துருத்தி கிழிந்து கிடக்கிறது.

அங்கிருந்து கோவைக்குத் திரும்பும் வழியில், வயதான சிஸ்டர்களுக்கான இல்லத்தில் ஜெசிந்தா சிஸ்டரைப் பார்த்தேன். சக்கர நாற்காலி. விரல்கள் மட்டும் இன்னும் ஓயவில்லை, மடியில் ஓடிக்கொண்டே இருந்தன. பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "எந்தப் பக்கம் பாத்து வெச்சிருக்கறாங்க?" என்றார். சுவரைப் பார்த்து என்றேன். வெகுநேரம் சிரித்தார்.

"திரும்பி உக்காந்தனே கண்ணு, அப்பத்தான் ரொம்ப மோசம். முதுகெல்லாம் கண்ணா இருந்துச்சு. எல்லாரும் பாக்கறாங்களான்னே நெனச்சுக்கிட்டு வாசிச்சேன்."

பெரிய வெள்ளியன்று எழுந்து போனீர்களே என்று நினைவூட்டினேன். அதுதான் அவர் வெற்றி என்று இத்தனை காலம் நான் மனத்தில் எழுதிவைத்திருந்தேன்.

"வரிசைல நிக்கறப்பக் கூட, இதை யாராச்சும் கவனிச்சாங்களான்னு ஒரு நெனப்பு. குனிஞ்சு முத்தி செஞ்சப்ப மட்டும் மறந்துபோட்டேன். நிமுந்தேன், மறுக்கா வந்துருச்சு." மடியில் விரல்கள் கொஞ்சம் நின்றன. "அந்தக் குனிஞ்ச நேரத்தை வெச்சுக்கிட்டுத்தான் கண்ணு இத்தனை வருசம் ஓட்டறேன். இன்னுமொருக்கா வராதான்னு."

மாலை ஜெபத்துக்கு மணி அடித்தது. நாற்காலியைத் தள்ள வந்த பெண் அவரை, முன்சுவரில் சிலுவை தொங்கிய ஜெப அறைக்குக் கொண்டுபோய்க் கதவோரம் நிறுத்தப் பார்த்தாள். "பின்னால விட்டுப்போடாத அம்மணி, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நடுவுல விடு" என்றார் சிஸ்டர். அவள் விட்டாள். நான் கதவோரம் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னும் பல நாற்காலிகள் வந்து சேர்ந்தன. எல்லாம் வெள்ளை முக்காடு. விடைபெறாமல் வந்துவிடக் கூடாதே என்று அவரைத் தேடினேன். எது அவர் என்று தெரியவில்லை. பிறகு அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தேன்.