விரல் பெருமை

மீன் கிடங்கில் ஐஸ் அள்ளுகிறவருக்குக் குளிர் பட்டால் விரல்கள் மடங்கி அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆராய்ச்சி செய்யும் பெரிய டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு, "இது லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது!" என்று பூரித்துப்போனார். அன்றிலிருந்து நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. கருத்தரங்குகளில் மேடையேறி, ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக் காட்டுவார். வந்திருக்கும் டாக்டர்கள் விரலை நெம்பிப் பார்த்துவிட்டுக் கைதட்டுவார்கள்.

மனைவிக்குச் சர்க்கரை வியாதி. "கால் மரத்துப்போகுதுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க" என்றால், "உன் வியாதி தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கு. இதுக்குத் துணை வேறயா?" என்பார்.

மச்சான் ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்த்துக் கொடுத்தார். அந்தச் சூட்டில் விரல் பூட்டிக்கொள்ளாதே என்று இவர் மறுத்துவிட்டார்.

பரம்பரை வியாதியா என்று பார்க்க, இவர் குடும்பத்தில் எல்லோருடைய ரத்தத்தையும் டாக்டர் எடுத்தார். பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்கும் அதே வியாதி. போதாததற்கு, அவருக்கு நாக்கும் பூட்டிக்கொள்ளுமாம். அடுத்த மேடைக்குத் தம்பியைத்தான் கூப்பிட்டார்கள்.

"இத்தன வருஷம் ஏன்டா வாயத் தொறக்கல?" என்று அண்ணன் போனில் பாய்ந்தார்.

"ஐஸ்கிரீம் தின்னாத்தாண்ணே பூட்டிக்குது. நான் தின்னுறதில்ல. இதைப் போய் யாராச்சும் தம்பட்டம் அடிப்பாங்களா?"

மனைவி இப்போது ஓரகத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். இவரோ டாக்டருக்கு ஓயாமல் போன் போடுகிறார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. தன் நாக்கையும் ஒருதடவை சோதித்துப் பார்க்கச் சொல்லித்தான் கெஞ்சுகிறார்.