வெயில் நாளில் பதினேழு யூனிட்

கூவா ஊருக்கு வெளியே இருந்த வானிலை நிலையத்தில் ஸோகிர் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெப்பம், காற்று, மழை எல்லாம் எழுத வேண்டும். அதோடு வெயிலும். வெயிலை அளக்க அங்கே ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது. சூரியன் நகர நகர, அடியில் வைத்த நீல அட்டையில் அது ஒரு கோடு சுட்டுக்கொண்டே போகும். மேகம் வந்தால் கோடு அறுபடும். மாலையில் கோட்டை அளந்தால் அன்று எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று தெரியும். நிலையத்தில் தானியங்கிக் கருவிகள் வந்தபோது அவரையும் உருண்டையையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உருண்டையின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. ஸோகிருக்கு முழங்காலில் வலி இருந்தது. இரண்டும் இன்னும் வேலை செய்தன.

உருண்டையைக் கொட்டகைக் கூரையில் பொருத்தி, அட்டைகளைத் தானே வெட்டிக்கொண்டு, அவர் தொடர்ந்து எழுதினார். மனைவி ஹதிச்சா அக்கம்பக்கத்தில் சொல்வாள்: "காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா முழிப்பாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே நாள் மழை பேஞ்சுதான்னு கேளுங்க, மில்லிமீட்டர்ல சொல்வாரு."

அந்த ஏப்ரல் கடைசியில் கூரையில் ஆறு சோலார் பலகைகள் ஏறின. மாதம் இருநூறு யூனிட்டைத் தாண்டினால் கரண்டு விலை எகிறும் என்று ஆனபின், தெருவில் எல்லாரும் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஸோகிர் வீட்டில்தான் முதலில் ஏறியது. அதற்காக ஞாயிறு அதிகாலைத் தொழுகை முடிந்ததும் தெருவுக்கே புலாவ் விருந்து என்று வெள்ளிக்கிழமையே சொல்லி அனுப்பிவிட்டார்.

பலகை பொருத்தும் ஷுக்ரத் சனிக்கிழமை மாலை கடைசித் திருகை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தான்.

"இப்போ சுவிட்சைப் போட வேண்டாம் மாமா. ஆபீஸ்ல இருந்து வந்து மீட்டரை மாத்தணும். மிச்சமாகற கரண்டு வெளிய போறதை எண்ணுற மீட்டர். அடுத்த வாரம் வருவாங்க."

"விக்கறவனுக்குத்தானேப்பா அது? நான் எதை விக்கப் போறேன்? எனக்கு வர்றதை நான் எரிச்சுக்கறேன்."

"இல்ல மாமா, முறைன்னு ஒண்ணு..."

"காலைல எண்பது பேர் வர்றாங்க. இமாம் வந்து துஆ செய்யப் போறாரு. செத்த பலகையைக் காட்டியா விருந்து வைப்பேன்? போடு. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

ஷுக்ரத் ஒரு தாளை நீட்டினான். ஸோகிர் தேதியும் மணியும் குறித்துக் கையெழுத்திட்டார். அவன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் விருந்து நன்றாக நடந்தது. அண்டாவின் முன்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்று சமைத்தவர் பக்கத்து வீட்டு துர்தியாலி. அந்தத் தெருவில் எந்த விருந்துக்கும் அண்டா அவருடையது, கையும் அவருடையது. ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. ஸோகிரும் போய்க் கேட்கவில்லை. தனக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று அதை விட்டுவிட்டார்.

மே மாதக் கணக்கு போனில் வந்தபோது கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். நானூற்று எண்பத்தொன்பது யூனிட். முந்தைய வருடம் இதே மே மாதத்தில் இருநூற்றெட்டு.

"ஆறு பலகை போட்டப்புறம் ரெண்டு மடங்குக்கு மேல ஆகியிருக்கு" என்றார்.

"குறையும்னு சொன்னது நீங்கதான்" என்றாள் ஹதிச்சா. "நான் தையல் மெஷின் வாங்கலாம்னு சொன்னேன்."

மறுநாளிலிருந்து ஸோகிர் வாசலோரப் பெட்டியில் இருந்த மீட்டரை விடியும்போதும் அஸ்தமனத்திலும் படித்து எழுதினார். நான்கு நாளில் ஒன்று தெளிவாயிற்று. நல்ல வெயில் நாளில் பகலில் பதின்மூன்று, இரவில் நான்கு, ஆகப் பதினேழு யூனிட். மேகம் மூடிய நாளில் மொத்தமே ஏழு. பலகைகளோடு பொருத்திய பெட்டி, வெயில் நாளில் தான் பதினாறு செய்ததாகக் காட்டியது. செய்தது பதினாறு, வாங்கியது பதினேழு, கூட்டினால் முப்பத்து மூன்று. இந்த வீட்டில் இரண்டு பேர் எரிப்பது ஏழு. மீதி இருபத்தாறு எங்கே போகிறது?

வெயில் நாளில் மட்டும் கரண்டு குடிக்கும் பொருள் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. மார்ச்சில் துர்தியாலி மாதுளைத் தோட்டத்துக்குக் கிணற்று மோட்டார் போட்டிருந்தார். வெயில் காய்ந்தால் அது காலை முதல் உறுமும். மழை நாளில் வாயை மூடிக்கொள்ளும்.

ஸோகிர் பேனாவைக் கீழே வைத்தார். முப்பத்தோரு வருடப் பக்கத்து வீடு. இரண்டு முற்றத்துக்கும் நடுவே மண்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்குப் பூட்டே கிடையாது. ஒய்னிசா, துர்தியாலியின் மனைவி, கீரை சம்சா சுட்டால் தட்டு அந்த வழியாக வரும். இங்கிருந்து அப்ரிகாட் போகும். அந்த ஆளா?

அன்றிலிருந்து கண்ணில் படுவதெல்லாம் வேறாகத் தெரிந்தது. துர்தியாலி பலகைகளை அண்ணாந்து பார்த்து, "நல்லா வேலை செய்யுதா அண்ணே?" என்று கேட்டது ஏன்? மத்தியானம் ஹதிச்சா கண்ணயரும் நேரத்தில் ஒய்னிசா தட்டோடு உள்ளே வருவது ஏன்? திராட்சைப் பந்தலுக்குப் பின்னால், சுவர் ஏறி அந்த வீட்டுக்குள் போகும் கறுப்பு வயர் ஒன்று அவர் கண்ணில் பட்டது. தன் மகள் லோலாவின் கல்யாணத்தின்போது போட்டது என்று மட்டும் நினைவு. கல்யாணம் முடிந்து பதினாறு வருடம் ஆகிறது. வயர் இன்னும் ஏன்?

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஏணி வைத்து அதை வெட்டினார். சுவருக்கு மேலே துர்தியாலியின் தலை எழுந்தது.

"என்னண்ணே, கொடியை வெட்டறீங்களோன்னு பாத்தேன்."

"பழைய வயர். தீப்பிடிக்கும்."

"ஆமாமா. பதினாறு வருஷமா பிடிக்காத தீ இந்த வாரம் பிடிச்சிடும்."

சிரித்துக்கொண்டே தலை இறங்கிவிட்டது. அந்தச் சிரிப்பில் ஏதோ குறைவதாக ஸோகிருக்குப் பட்டது. குற்றமுள்ளவன் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் வெயில் பதின்மூன்று மணி நேரம். மீட்டரில் பதினேழு.

அப்படியானால் மண்ணுக்குள் வயர் ஓடுகிறது. யாரோ உள்ளே வந்து போட்டிருக்கிறார்கள். அவர் சின்னக் கதவில் குறுக்குச் சட்டம் வைத்துப் பதினோரு ஆணி அடித்தார். ஹதிச்சா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"புத்தி கெட்டுப் போச்சா? ஒய்னிசா தட்டு நம்மகிட்ட இருக்கு. வெறும் தட்டையா குடுப்பேன்? அதையும் தெருவைச் சுத்திப் போயா குடுக்கணும்?"

"ஒரு மாசத்துல இருநூத்தி எண்பத்தோரு யூனிட் கூடியிருக்கு லோலா அம்மா. தட்டா பெருசு?"

"பாத்தீங்களா? கண்ணால பாத்தீங்களா?"

"நோட்டு சொல்லுது."

மின்சார ஆய்வாளருக்கு இரண்டு பிரதியில் மனு எழுதினார். பெயர், முகவரி, மோட்டாரின் திறன், தேதிவாரியாக அட்டவணை. அது போய்ச் சேர்ந்தால் ஆட்கள் வந்து துர்தியாலியின் முற்றத்தைத் தோண்டுவார்கள். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். திருடன் என்று பேர் விழுந்த கையால் சமைத்த புலாவை அந்தத் தெருவில் எவனும் தொடமாட்டான். ஸோகிருக்கு இது தெரியும். அதனால்தான் மனு மூன்று நாள் சட்டைப் பையிலேயே இருந்தது. மோட்டார் ஓடாத ஒரு வெயில் நாள் கிடைத்து, அன்று மீட்டர் ஏழு காட்டிவிட்டால் அட்டவணை முழுமையாகும். அதற்காகக் காத்திருந்தார்.

அந்த நாள் தானாகவே வந்தது. ஜூன் பத்தாம் தேதி துர்தியாலியும் ஒய்னிசாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நமங்கானுக்குப் போனார்கள். அங்கே துர்தியாலியின் தங்கைக்கு ஆபரேஷன். மோட்டார் அறைக்கும் பூட்டு. வண்டியில் ஏறும்போது துர்தியாலி ஆணி அடித்த கதவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஸோகிரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

அன்று வெயில் பதின்மூன்று மணி இருபது நிமிடம். அஸ்தமனத்தில் மீட்டரைப் பார்த்தார். பகலில் பதின்மூன்று ஓடியிருந்தது. மறுநாளும் பதின்மூன்று. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்தும் ஒருவன் திருட முடியுமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். வேறு பெயர்களும் நினைவில் வந்தன. எதிர் வீட்டு வெல்டிங்காரன். முனைக் கடைக்காரன். ஷுக்ரத்கூட.

பதின்மூன்றாம் தேதி புழுதிக் காற்று அடித்து ஓய்ந்தது. பலகைகள் மேல் மெல்லிசாக மண் படிந்திருந்தது. கழுவுவதற்காக மத்தியானம் சோலார் சுவிட்சை அணைத்தார். குழாயைத் திறக்க வாசலுக்குப் போனவர் பெட்டியருகே நின்றுவிட்டார். மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. கரண்டு ஓட ஓட அது மின்னும். இரண்டு வாரமாகப் பகலெல்லாம் படபடவென்று மின்னிய பொட்டு இப்போது கொட்டாவி விடுவதுபோல எப்போதாவது ஒரு தரம் மின்னியது.

உள்ளே போய் சுவிட்சைப் போட்டார். வந்து பார்த்தார். படபடப்பு. போய் அணைத்தார். கொட்டாவி. ஏழு முறை நடந்தார். ஹதிச்சா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"முட்டி வலி போயிடுச்சா?"

அவர் நோட்டை எடுத்துத் திண்டில் உட்கார்ந்தார். பலகை செய்தது பதினாறு. வீடு பகலில் எரித்தது மூன்று. மிச்சம் பதின்மூன்று கம்பி வழியாக வெளியே போயிருக்கிறது. போவதும் வருவதும் இந்தப் பழைய மீட்டருக்கு ஒன்றுதான். வெளியே போன பதின்மூன்றையும் உள்ளே வந்ததாக எண்ணி அவர் தலையிலேயே எழுதியிருக்கிறது. எண்கள் எல்லாம் சரி. கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியது மட்டும்தான் தவறு. அதை மீட்டர் ஒரு முறை செய்தது. இரண்டாம் முறை செய்தது அவர்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதித் தாளை எடுத்தார். 'மீட்டர் மாற்றும் முன் இயக்கக் கேட்டது வீட்டுக்காரர்.' கீழே அவர் கையெழுத்து. மாலை ஆறு மணி பத்து நிமிடம்.

மறுநாள் மின்சார ஆபீஸில் கவுன்டரில் இருந்த பெண் அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா யாரும் எழுதி வந்ததில்ல மாமா" என்றாள். "ஆனா கதை ஒண்ணுதான். எல்லாரும் விருந்து வெச்சு சுவிட்சைப் போட்டுடறாங்க. அப்புறம் திருடனைத் தேடறாங்க. போன வாரம் ஒருத்தர் கூடப்பிறந்த தம்பி மேலயே மனு எழுதிட்டு வந்தாரு. நீங்க யார் மேல?"

"யார் மேலயும் இல்லம்மா" என்றார் ஸோகிர். பையிலிருந்த மனு நெஞ்சில் உறுத்தியது. வீட்டுக்கு வந்து இரண்டு பிரதியையும் ரொட்டி அடுப்பில் போட்டார்.

துர்தியாலி இருபதாம் தேதி திரும்பினார். ஸோகிர் தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார். கையில் நோட்டு.

"வாங்கண்ணே. முன்வாசல் இருக்கற இடம் உங்களுக்குத் தெரியுமா?" துர்தியாலி மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"துர்தி, ஒரு தப்பு நடந்துபோச்சு. மீட்டர்..."

"தெரியும். வயரை வெட்டினப்பவே தெரியும். என் மோட்டாரை நீங்க காது குடுத்துக் கேட்டது எனக்குக் கேக்காதா? ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க வெட்டினது எந்த வயர்?"

"லோலா கல்யாணத்துக்குப் போட்டது."

"எங்கேருந்து எங்கே?"

ஸோகிர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"உங்க வீட்டு பியூஸ் எரிஞ்சுபோச்சுண்ணே. மூணு நாள் விளக்கு, பாட்டு, ஐஸ்பெட்டி எல்லாம் என் வீட்டுக் கரண்டுல ஓடிச்சு. அது எந்த நோட்டுல இருக்கு?"

எந்த நோட்டிலும் இல்லை.

"புது மீட்டர் வரட்டும்" என்றார் துர்தியாலி. "அதுலயும் கூடிச்சுன்னா மறுபடி ஆணி அடிப்பீங்க. இப்பப் பிடுங்கி என்ன லாபம்? போயிட்டு வாங்க."

புது மீட்டர் இருபத்தாறாம் தேதி வந்தது. மூன்று நாள் படித்தபின் ஸோகிர் குறடு எடுத்துக்கொண்டு சின்னக் கதவுக்குப் போனார். ஹதிச்சா பின்னால் வந்து, அப்ரிகாட் நிறைத்த தட்டை அவர் அருகே கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாள். பதினோரு ஆணியையும் பிடுங்கினார். தள்ளினார். கதவு அசையவில்லை. அந்தப் பக்கம் புதிதாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"யாரு?" துர்தியாலியின் குரல் கதவுக்கு வெகு அருகில் கேட்டது.

"நான்தான்."

"நேத்து எவ்வளவு ஓடிச்சு?"

"உள்ள வந்தது நாலு. வெளிய போனது பதிமூணு."

"அதுல என் பங்கு?"

"ஒண்ணுமில்ல துர்தி."

"எழுதிக் குடுங்க. நீங்க எழுதினாத்தான் நம்புவீங்க."

ஸோகிர் நோட்டை முழங்காலில் வைத்தார். அதுவரை ஒரு நோட்டிலும் அவர் தாள் கிழித்ததில்லை. 'துர்தியாலி எடுத்தது: 0' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அடுத்த வரியில் எழுதினார்: 'லோலா கல்யாணம், மூன்று நாள், துர்தியாலி வீட்டிலிருந்து வந்தது.' அளவு என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு, 'குறிக்கத் தவறிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, தாளைக் கிழித்துக் கதவுக்கு அடியில் தள்ளினார்.

தாளை யாரோ எடுத்த சத்தம் கேட்டது.

"படிக்கற கண்ணாடி உள்ள இருக்கு. இருங்க."

காலடி தூரமாகப் போயிற்று. ஸோகிர் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டபோது எத்தனை நிமிடம் ஆகியிருந்தது என்று அவருக்குத் தெரியாது.