நோன்பில் உப்புப் பார்த்தவள்

செங்கல்பட்டில் சாக்கு வியாபாரம் செய்த ஹமீதைப் பற்றிக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் வரும். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சிரித்த முகத்தோடு போய்ச் சமாதானம் செய்துவைப்பார். அந்தச் சிரிப்பைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் வீட்டில் இருப்பவள் என்ன செய்வாள்? அவர் மனைவி அமீனா பீவி உப்புக்குப் பயந்தே குடித்தனம் நடத்தினாள்.

ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்பில் உப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஹமீது தட்டைத் தள்ளிவிடுவார். சில நாள் தட்டு சுவர்வரைக்கும் போகும். கை நீட்டியதில்லை என்பதில் அமீனாவுக்குப் பெருமை. பெருமைப்பட வேறொன்றும் இல்லாதபோது மனுஷி இதையும்தான் பிடித்துக்கொள்வாள்.

அவள் வைக்கும் ஆட்டுக்கறியில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. இளங்கறியாகப் பார்த்து அரை வீசை வாங்கிவரச் சொல்வாள். கடலெண்ணெயில் பட்டை, லவங்கம், சின்ன வெங்காயம். இஞ்சி பூண்டு பச்சை வாசனை போனதும் கறியைக் கொட்டி, தண்ணீர் விட்டு வற்றும்வரை கிளறி, அம்மியில் அரைத்த மிளகாய், மல்லியைக் கரைத்து ஊற்றுவாள். கறி வெந்தபின் தேங்காய்ப்பால். நடுநடுவே உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். மற்றவர்கள் ஒரு தரம் பார்த்தால் அவள் நாலு தரம் பார்ப்பாள்.

ரம்ஜான் வந்தால்தான் ஆபத்து. நோன்பு வைத்த வாயில் எதை வைத்துப் பார்ப்பது? அந்த வருஷம், ஐம்பத்து நாலில், நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. போதாக்குறைக்கு உப்பளத்திலிருந்து வண்டியில் வந்த புது உப்பு. பழைய உப்பில் ஒரு கைப்பிடி போட்டால் சரியாக இருக்கும். இதில் எவ்வளவு போடுவது என்று பிடிபடவில்லை.

தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் சம்சாத் பேகம் ஒரு வெள்ளிக்கிழமை பெண்களைக் கூட்டிவைத்துப் பேசினாள். "நோம்பு வெச்சவ சும்மாக்காட்டியும் ஆணத்தை நாக்குல வெக்கக் கூடாது. ஆனா புருசன் முரடனா இருந்தா, நாக்கு நுனில தொட்டுப் பார்த்துத் துப்பிடலாம். நோம்பு முறியாது."

"அப்டி யாருக்குனா தேவப்படுதா?" என்று ஒருத்தி கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கில்லை, எனக்கில்லை என்று ஆளுக்கு ஆள் தலையாட்டினார்கள். அமீனாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரா? வாயில்லாப் பூச்சி!" அன்று ராத்திரி ஆணத்தில் உப்புக் குறைந்தது. தட்டு பறந்தது.

அடுத்த வாரம் ஹமீது கடைத்தெரு ஆட்களை நோன்பு திறக்க அழைத்திருந்தார். ஒத்தாசைக்குச் சம்சாத் பேகமும் நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள். கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஹமீது அடுப்படி வாசலில் எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, "உப்பு சரியா கீதா? வந்தவங்க முன்னால மானத்த வாங்கிடாத" என்றார்.

அமீனாவுக்குக் கோபம் வந்தது. கரண்டியை எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கு நுனியால் தொட்டு, புழக்கடையில் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"இன்னா பண்றே? நோம்புல!" என்று பதறினார் ஹமீது.

"எனக்கு ஆகும்" என்றாள் அமீனா. "இவங்களக் கேளுங்க."

பெண்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சம்சாத் பேகம் மட்டும், "ஆமா தம்பி, அவளுக்கு ஆகும்" என்றாள். ஏன் ஆகும் என்பது ஹமீதுக்கும் தெரிந்துதான் இருந்தது. பள்ளிவாசலில் அவரும் கேட்டிருக்கிறார்.

விருந்தாளிகள் போனபிறகு அவர் கெஞ்சாத குறை. "இனிமே நாக்குல வெச்சுப் பாக்காத அமீனா. தெருவுல தல காட்ட முடியாது. உப்பு எப்டி இருந்தாலும் நான் துன்னுட்றேன்."

மறுநாளும் கறிதான். அவள் ருசி பார்க்கவில்லை. பாங்கு சொன்னதும் கஞ்சி குடித்துவிட்டு ஹமீது சோற்றில் ஆணத்தை ஊற்றிச் சாப்பிட்டார். முகம் கோணவில்லை. இரண்டாம் தரமும் ஊற்றச் சொன்னார். அமீனாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அவர் கை கழுவியபின் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவு உப்பு.

"ஏங்க, கரிக்குதே, உங்களுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சிது."

"தெரிஞ்சுமா துன்னீங்க?"

"துன்னேன். இன்னா இப்போ?"

அமீனா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். "அப்போ உங்களால முடியும். இத்தினி வருசமும் முடிஞ்சிருக்கும்."

ஹமீது தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். அமீனாவுக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு கோபம்.